எண்பத்து மூன்றாம் குடும்பத்துப் பிரம்மச்சாரி

சந்தனசாமி கத்தோலிக்க சபையை விட்டு விலகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சபைக்கு மட்டும் இந்த விஷயம் தெரியாது. யாரும் சொல்லவில்லை என்பதல்ல, அவனே போய்ச் சொன்னான். சொன்னதைச் சபை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவன் விலகியது 1950-ல். அப்போது புதுக்கோட்டைக்காரர்களுக்கு விலகுவதும் சேருவதும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் சமஸ்தானமே ஒரு கையெழுத்தில் கரைந்து போயிருந்தது. நேற்று வரை சமஸ்தானத்துப் பிரஜையாக இருந்தவன் மறுநாள் காலையில் திருச்சி ஜில்லாக்காரனாக எழுந்து பல் விளக்கினான். ஒருவருக்கும் வலிக்கவில்லை. அதனால் ரிஜிஸ்டர் ஆபீஸில் உட்கார்ந்து, ‘நான் கிறிஸ்தவ மதத்தை அனுசரிப்பவன் அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது காரியம் முடிந்தது என்றே சந்தனசாமி நம்பினான். பக்கத்தில் ஆத்மநாதன் மகள் சின்னப்பிள்ளை, தான் இந்து மதத்தை அனுசரிப்பவள் அல்ல என்று கையெழுத்துப் போட்டாள். அன்றைய சட்டம் அப்படி. இரண்டு மதத்துக்காரர்கள் கட்டிக்கொள்ள வேண்டுமானால் இரண்டு பேரும் ஒரு மதமும் இல்லாதவர்களாகிவிட வேண்டும். வெளியே வந்ததும் சின்னப்பிள்ளை தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டாள். பிள்ளையார் அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கு முந்தின வாரம் சம்மனசுபட்டிக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம், “அவ ஞானஸ்நானம் வாங்க மாட்டேங்கிறாங்க சாமி. வாங்குனாத்தான் தாலி மந்திரிப்பீங்கன்னா நான் இதோட விலகிக்கிறேன்” என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு வந்தான். சாமியார் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சந்தனசாமிக்கு அது போதுமானதாக இருந்தது. புதுக்கோட்டை - இலுப்பூர் வண்டியில் கண்டக்டர் அவன். இறங்கிப் போனவனை ஓடிப்போய்ப் பிடித்து டிக்கெட் கேட்கும் வழக்கம் அவன் கம்பெனியில் கிடையாது. எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான்.

பிள்ளைகள் இரண்டு பிறந்தன. அப்பா சவரிமுத்து இறந்தார், அவரைச் சம்மனசுபட்டிக் கல்லறையில் வைத்தார்கள். 1959 மழையில் ஊரில் இருந்த வீட்டுச் சுவர் விழுந்ததும், அம்மா வியாகுலமேரி ஒரு தகரப் பெட்டியும் ஒரு செபமாலையுமாகப் புதுக்கோட்டைக்கு மகன் வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்தவளுக்கும் மருமகளுக்கும் ஒரு தகராறும் வரவில்லை. சின்னப்பிள்ளை வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள், வியாகுலமேரி அந்த வெளிச்சத்திலேயே செபமாலை உருட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டியில் முன் சீட்டில் அம்மாவை உட்கார வைத்து, சம்மனசுபட்டிக் கைகாட்டியில் சந்தனசாமியே கைபிடித்து இறக்கிவிடுவான். பூசை முடிந்து திரும்பும் வண்டியில் ஏற்றிக்கொள்வான். கோவில் பக்கம் அவன் திரும்பிப் பார்ப்பது அந்த விசில் ஊதும் நேரம்தான்.

1961-ல், ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒருநாள் அம்மா வண்டியில் ஏறியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் சோற்றில் கைவைக்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கும் வியாதி, கால் இரண்டும் வீங்கியிருந்தன. கோவிலில் உபதேசியார் மைக்கேல்சாமி அவளுக்குப் பாஸ்குச் சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார். போன வருஷம், சுவரைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்று கொடுத்திருந்தார்.

பாஸ்குச் சீட்டு என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்னால் உபதேசியார் ஒவ்வொரு தலைக்கும் ஒரு சீட்டுத் தருவார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை என்னும் அப்பத்தை வாங்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வந்த சீட்டுகளைச் சரிபார்த்து, பங்கின் ஆத்துமப் புத்தகத்தில் பெயருக்கு நேரே சிலுவைக் குறி போடுவார்கள். குறி விழாதவர் அந்த வருஷத்துக்குள் செத்தால் கோவில் மணி அடிக்காது, சாகும் முன் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் கிடையாது, மந்திரித்த கல்லறையில் இடமும் கிடையாது. பரலோகத்துக்கு அது டிக்கெட் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சீட்டு இல்லாமல் யாரும் போய்ச் சேர்ந்ததாகவும் தகவல் இல்லை.

“ஒங்கப்பன் பக்கத்துல ஆறடி எடம் சும்மா கெடக்கு. நான் வேறொண்ணும் கேக்கலப்பா” என்றாள் அம்மா. திட்டியிருந்தால் சந்தனசாமிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு உபதேசியாரிடம் போனான்.

“ஒங்காத்தா மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி. அது சம்மனசு மாதிரி. குத்தம் பூரா ஒம் மேலதான்” என்றார் மைக்கேல்சாமி.

“எம் மேல குத்தம்னா எனக்குத்தானங்க சீட்டு குடுக்கக் கூடாது? நான் கேக்கவே இல்லையே.”

“நீ வைப்பு வச்சிருக்க. அந்த வீட்டுல ஒங்காத்தா சோறு திங்குது. அதுக்குப் பேரு துர்மாதிரிகை. ஊரே பாத்துக் கெட்டுப்போகும்.”

தனக்குத் தெரியாமல் தனக்கு ஒரு வைப்பு இருக்கிறாளோ என்று சந்தனசாமி ஒரு நிமிஷம் நிஜமாகவே குழம்பினான். சின்னப்பிள்ளையைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் காதெல்லாம் சுட்டது. அவர் அவனைப் புண்படுத்தச் சொல்லவில்லை, புத்தகத்தில் உள்ளதைச் சொன்னார். ஆத்துமப் புத்தகத்தை விரித்தும் காட்டினார். குடும்பம் எண் எண்பத்து மூன்று. சவரிமுத்து, மரித்தார். வியாகுலமேரி, கைம்பெண். சந்தனசாமி, பிரம்மச்சாரி.

“எனக்கு எட்டு வயசுல மக இருக்காங்க.”

“இதுல இல்லையே.”

“கவர்மெண்டு ரிஜிஸ்டர்ல கல்யாணம் பதிஞ்சிருக்கு.”

“அது கவர்மெண்டு. நீ கத்தோலிக்கன். கத்தோலிக்கனுக்குச் சாமியார் முன்னால நடந்தாத்தான் மெய்விவாகம். மத்ததெல்லாம் நடந்ததே இல்ல.”

சந்தனசாமி யோசித்துப் பார்த்தான். “எங்காத்தா ஞானஸ்நானம் வாங்காத ஒரு அஞ்ஞானி வீட்டுல இருந்தா சீட்டு குடுப்பீங்களா?”

“தாராளமா. நம்ம சூசைமேரி இல்ல? இலுப்பூர்ல ஆண்டியப்பன் வீட்டுல இருவது வருசமாச் சோறாக்குது. அவருக்கு ரெண்டு சம்சாரம், மூணாவதுக்கும் பேச்சு நடக்குது. சூசைமேரிக்கு வருசா வருசம் மொத சீட்டு நான்தான் எழுதுறேன். அஞ்ஞானிக்குச் சபைச் சட்டம் கெடையாதுல்ல?”

“அப்ப என்னையும் அஞ்ஞானின்னு எழுதிருங்க. பதினோரு வருசமா நான் அதுதான்.”

உபதேசியார் புத்தகத்தை மூடினார். “அது நீ சொல்லி ஆகுற காரியமா? போயி சாமியப் பாரு.”

பழைய சாமியார் மாறிப்போய், புதிதாக வந்திருந்தவர் நல்ல மனிதர். ஊரில் யாருடைய அலாரக் கடிகாரம் நின்றுபோனாலும் அவரிடம்தான் வரும். சந்தனசாமி போனபோதும் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியைச் சொருகியிருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“பார் சந்தனசாமி, திருச்சபை யாரையும் கட்டிப்போட்டு வைக்கவில்லை. கதவு இரவும் பகலும் திறந்தே இருக்கிறது, உள்ளே வருவதற்கு.”

“வெளிய போறதுக்குங்க சாமி?”

“வெளியே போகக் கதவு எதற்கு? வெளியே என்று ஒன்று இருந்தால்தானே? நீ பிறந்த நாலாம் நாள் உன் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த முத்திரை அழியாது. நீ மறுதலிக்கலாம், ஓடலாம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாம். தேங்காய் உடைக்கிற கத்தோலிக்கன் ஆவாயே ஒழிய வேறு ஒன்றும் ஆக மாட்டாய்.”

“நாலாம் நாள் என்னைக் கேக்கலீங்களே.”

“கேட்டார்களே. சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று கேட்டார்கள். உனக்காக உன் ஞானத்தகப்பன் ‘விட்டுவிடுகிறேன்’ என்றான். நீ ஆட்சேபித்ததாகப் பதிவு இல்லை.”

சாமியாருக்கு வியாகுலமேரி மேல் இரக்கம் இருந்தது. ரொம்ப நேரம் பல்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேற்றிராணியார் என்கிற பிஷப்பின் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடலாம் என்றார். ‘நான் இனிச் சபையைச் சேர்ந்தவன் அல்ல என்று அறிவிக்க வேண்டும்’ என்று கேட்கலாம். இதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்கக் கூடாது என்றும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. மேற்றிராணியாருக்கு விண்ணப்பம் போடுகிற எவரும் ஒழுங்காகச் சபைக் கடமைகளைச் செய்துவருகிற கத்தோலிக்கர் என்று பங்குச் சாமியார் எழுதித்தர வேண்டும். அதற்கு அந்த வருஷத்துப் பாஸ்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

விலகுவதற்காகச் சந்தனசாமி பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கோவிலுக்குள் போய் முழங்கால் போட்டான். பாவங்களைச் சொன்னான். பஸ்ஸில் இரண்டு பேரை அடித்தது, அப்பா சாவுக்கு வண்டி பிடித்து வரத் தாமதமானது, அப்புறம் சபையை விட்டு விலக நினைப்பது. சாமியார் உள்ளிருந்து, கடைசிப் பாவத்துக்காக மனம் வருந்துகிறாயா, இனி அதைச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்கிறாயா என்று கேட்டார். செய்தால் மன்னிப்பு, செய்யாவிட்டால் சீட்டு இல்லை. சந்தனசாமி எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

சாமியாரே மனம் கேட்காமல், சீட்டு இல்லாமலேயே ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்.

மேற்றிராணியார் அலுவலகம் இருந்த நகரத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சந்தனசாமி மூன்று தடவை போனான். மூன்றாவது தடவை செயலாளர் சாமியார் அவனை உள்ளே கூப்பிட்டார். மெலிந்த மனிதர், லத்தீன் படித்தவர். மேஜையில் ஏழு புத்தகங்கள் விரிந்து கிடந்தன. சந்தனசாமியின் விண்ணப்பம் அவருக்குப் பெரிய சந்தோஷத்தைக் கொடுத்திருந்தது. இப்படி ஒரு நயமான கேள்வி அந்த அலுவலகத்துக்கு வந்து வருஷக்கணக்காயிற்று என்றார்.

“நாற்பத்தொன்பது ஜனவரிக்கு முன்னால் சட்டத்தில் ஒரு சின்னச் சந்து இருந்தது. சபைக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பிறந்து, ஞானஸ்நானம் மட்டும் பெற்று, வெளியிலேயே வளர்ந்தவர்களுக்கு. அதிலும் நீ நுழைய முடிந்திருக்காது, உன் தாய் தகப்பன் இருவரும் உத்தமக் கத்தோலிக்கர்கள். இப்போது ரோமையில் அந்தச் சந்தும் அடைபட்டுவிட்டது. எவ்வளவு முழுமையான சட்டம் பார்த்தாயா? சபையை நேசிக்கிறவனையும் அது கட்டுப்படுத்தும், வெறுக்கிறவனையும் கட்டுப்படுத்தும், இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாதவனையும் கட்டுப்படுத்தும். அரசாங்கத்தால் இது முடியுமா? பாகிஸ்தான் போனவனை நம் போலீஸ் என்ன செய்ய முடியும்?”

“அப்ப எனக்கு சாமி கும்பிட உரிமை இருக்குங்களா?”

“உரிமை எப்படி இருக்கும்? நீ விலகியவன்.”

“விலகியவன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா…”

“அதை எப்படி எழுத முடியும்? விலக முடியாதே.” செயலாளர் சாமியார் கனிவோடு சிரித்தார். “ஏன் கலங்குகிறாய்? உனக்கு நல்ல செய்தி இருக்கிறது. உன் கல்யாணம் கல்யாணமே இல்லை. நீ பூரண சுதந்திரன். நாளைக்கே நல்ல கத்தோலிக்கப் பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம். ஒரு தடையும் கிடையாது.”

“என் சம்சாரம்?”

“யார்?”

வேறு வழியே இல்லையா என்று சந்தனசாமி கேட்டான். அம்மாவுக்கு நாள் இல்லை என்று சொன்னான். செயலாளர் சாமியார் ஆறாவது புத்தகத்தைத் திருப்பினார். வழி இருந்தது. அதே பெண்ணைச் சபைச் சட்டப்படி மெய்விவாகம் செய்துகொள்ளலாம். அவள் அஞ்ஞானியாகவே இருக்க மேற்றிராணியார் விலக்கு அளிப்பார். பிறக்கிற பிள்ளைகளுக்கும் பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதாக இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாண அறிவிப்பான மணவோலை மூன்று ஞாயிறு கோவிலில் வாசிக்கப்படும். கலப்புத் திருமணத்துக்கு ஓலை வாசிக்கும் வழக்கம் இல்லைதான், ஆனால் துர்மாதிரிகை ஊரறிய நடந்ததால் பரிகாரமும் ஊரறிய நடக்க வேண்டும். அதுவரை மணமகனும் மணமகளும் ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது. ஊர் தப்பாகப் பேசும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்தனசாமி இதையெல்லாம் வீட்டில் சொன்னான். சின்னப்பிள்ளை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“ஓலையில என்னைய என்னான்னு வாசிப்பாக?”

“கன்னின்னு.”

“எம் மவளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அவளும் ஒக்காந்து கேக்கட்டும்.” சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். “பதினோரு வருசமா நான் யாரு ஒங்களுக்கு?”

சந்தனசாமியிடம் பதில் இருந்தது, ஆனால் அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில். அவனை அரித்தது வேறொன்று. தனக்கு இறங்க வழி இல்லை என்று ஏழு புத்தகம் வைத்து நிரூபித்துவிட்டார்கள். இறங்க முடியாத வண்டி என்று தெரிந்துகொண்டே பிள்ளைகளை ஏற்றிவிடலாமா? எட்டு வயதுக்காரியையும் நாலு வயதுக்காரனையும் யார் கேட்டார்கள்? கேட்டார்கள் என்று நாளைக்கு எழுதிவைப்பார்கள்.

உள்ளே பாயில் சாய்ந்திருந்த வியாகுலமேரி, “ஞானஸ்நானம் நல்லதுதானப்பா. எம் பேரப்பிள்ளைகளுக்குக் கசக்கவா போகுது?” என்றாள். சொல்லும்போதே மூச்சு வாங்கியது.

சின்னப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த உறுதிமொழித் தாளை வாங்கினாள். “பிள்ளைக பெரிசானா அதுக பாட்டுக்கு அவுகளோட சண்டை போட்டுக்கிடட்டும். அத்தை கேக்குறது ஆறடி மண்ணு. அதை இல்லேன்னு சொல்ல என்னால ஆகாது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

சந்தனசாமி இரண்டு வேட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஷெட்டுக்குக் குடிபோனான். தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று குடித்துவிட்டுப் போவான். டிரைவர் சிவசாமி, கல்யாணமான மனிதர், “மாப்பிள்ளை, பொண்ணு எப்படி, லட்சணமா?” என்று தினமும் விசாரித்தார். சந்தனசாமி சிரித்துவைப்பான். பாவம் அவனோடு ஷெட்டுக்கு வந்துவிட்டதால் வீடு இப்போது சுத்தமாகிவிட்டதே, அம்மாவுக்குச் சீட்டுத் தரலாமே என்று உபதேசியாரிடம் கேட்டான். கல்யாணம் முடியட்டும் என்றார்.

அலுவலகத்திலிருந்து விலக்கு வந்துசேர ஆவணி ஆகிவிட்டது. முதல் ஓலை வாசித்தார்கள். ‘இப்பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சவரிமுத்துவின் குமாரன், விவாகமாகாத வாலிபன் சந்தனசாமிக்கும், புதுக்கோட்டை ஆத்மநாதனின் குமாரத்தி, கன்னிகை சின்னப்பிள்ளைக்கும்…’ கோவிலில் சந்தனசாமியின் வண்டியில் தினமும் போய்வருகிறவர்கள் பாதிப் பேர். அவன் மகள் காதுகுத்துக்கு மொய் எழுதியவர்களும் இருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சிரிப்பை இருமலாக மாற்றினாள். வியாகுலமேரி சிரிக்கவில்லை. அவள் மகன் பெயரைக் கோவிலில் வாசிக்கக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

ஓலையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக்கடவார்கள், அறிந்தும் சொல்லாதவர்களுக்குச் சாவான பாவம். இதை எல்லாரும் கேட்பார்கள், யாரும் காதில் வாங்க மாட்டார்கள். சூசைமேரி வாங்கினாள். அவள் இலுப்பூரில் சமைக்கிறவள், பாவத்துக்கு ரொம்பப் பயந்தவள். ஒரு வாரம் தூங்காமல் கிடந்து, இரண்டாம் ஓலை வாசித்து முடித்ததும் பூசை உடுப்பு மாற்றும் சக்ரீஸ்துக்குள் போய்ச் சாமியார் காலில் விழுந்துவிட்டாள்.

“சாமி, அந்தாளுக்கு ஏற்கனவே ஒரு சம்சாரம் இருக்கு. ரெண்டு பிள்ளையும் இருக்கு. எங் கண்ணால பாத்தேன்.”

சாமியாருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிவது வேறு, தடை சொல்லப்படுவது வேறு. சொல்லப்பட்ட தடையை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினார். தடை: மணமகனுக்கு மனைவி இருப்பதாகச் சொல்லப்படுகிறது. மனைவி பெயர்: சின்னப்பிள்ளை. மணமகள் பெயர்: சின்னப்பிள்ளை. மூன்றாம் ஓலை நிறுத்தப்பட்டு, தாள் மேற்றிராணியார் அலுவலகத்துக்குப் போயிற்று.

அங்கிருந்து புரட்டாசி முடியும்போது பதில் வந்தது. ஒரே பெயரில் இருக்கும் இவர்கள் இரண்டு பெண்களா, ஒரே பெண்ணா? இரண்டு பெண்களானால் முதல் சின்னப்பிள்ளை இறந்துவிட்டதற்கு அத்தாட்சி அனுப்பவும். ஒரே பெண்ணானால், தடை சொன்னவர் அவளை மனைவி என்று எந்த ஆதாரத்தில் சொன்னார் என்று விசாரிக்கவும். சாமியார் சூசைமேரியைக் கூப்பிட்டு விசாரித்தார். “பாத்தாலே தெரியுதே சாமி” என்றாள் அவள். அதையும் எழுதி அனுப்பினார்கள். பார்த்தால் தெரிவது சட்டப்படி ஆதாரம் ஆகுமா என்று ஏழு புத்தகத்தில் எதிலாவது தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை சின்னப்பிள்ளை நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து, அத்தைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்றாள். சந்தனசாமி பையைச் சிவசாமியிடம் கொடுத்துவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த வேறொரு வண்டியில் தொற்றிக்கொண்டு சம்மனசுபட்டிக்குப் போனான்.

“சாமி, வந்து பூசிட்டுப் போயிருங்க. சீட்டு கீட்டு நான் கேக்கல.”

சாமியார் எழுந்தே விட்டார். பிறகு உட்கார்ந்தார். “விஷயம் மேற்றிராணியார் விசாரணையில் இருக்கிறது, சந்தனசாமி. நான் முந்திக்கொண்டு போய்ப் பூசினால், அந்த வீடு குற்றமற்றது என்று நானே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். மரண அவஸ்தை என்றால் மட்டும் யாரையும் கேட்காமல் போகலாம். பேச்சு இருக்கிறதா?”

“இருக்குங்க சாமி. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு.”

“பேசினால் மரண அவஸ்தை இல்லை. பேச்சு நின்றதும் வா, உடனே புறப்படுகிறேன்.”

சந்தனசாமி அடுத்த வண்டியில் திரும்பினான். வரும் வழியெல்லாம், அம்மாவின் பேச்சு சீக்கிரம் நின்றுவிட வேண்டுமே என்று அவன் மனசு கேட்டுக்கொண்டே வந்தது. அதை உணர்ந்தபோது ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். வீட்டுக்குள் நுழையும்போது வியாகுலமேரியின் பேச்சு நின்றிருந்தது. மூச்சும் நின்றிருந்தது. சின்னப்பிள்ளை அவள் தலையை மடியில் வைத்திருந்தாள்.

உடலைச் சம்மனசுபட்டிக்குக் கொண்டுபோனபோது, மந்திரித்த கல்லறைக்குள் இடம் இல்லை என்று சொல்ல, சாமியார் அரை மைல் மழையில் நடந்து கைகாட்டி வரை தானே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். “நானாக இருந்தால் உள்ளே விட்டிருப்பேன், சந்தனசாமி. ஆனால் நான் நானாக இல்லையே. பங்குச் சாமியாராக அல்லவா இருக்கிறேன்” என்றார்.

ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுக்களையும், தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் புதைக்கிற துண்டு நிலம் கல்லறைச் சுவருக்கு வெளியே இருந்தது. சிவசாமியும் மாமனார் ஆத்மநாதனும் குழி வெட்டினார்கள். சவரிமுத்துவின் சிலுவை சுவருக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. மணி அடிக்கவில்லை. ஊர்க்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், இந்தப் பக்கம் வந்தால் தங்கள் சீட்டுக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். மந்திரம் சொல்ல யாரும் இல்லாததால், இரண்டு வருஷமாக அத்தை சொல்லக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த மங்கள வார்த்தை ஜெபத்தைச் சின்னப்பிள்ளையே சொன்னாள். ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

கார்த்திகையில் மேற்றிராணியார் அலுவலகத்துத் தீர்ப்பு வந்தது. உபதேசியார் ஆள் விட்டு அழைத்தார். சந்தனசாமிக்குப் போக மனமில்லை, ஆனாலும் அம்மாவைச் சுவருக்கு உள்ளே மாற்ற ஏதாவது வழி சொல்லியிருப்பார்களோ என்று ஒரு நப்பாசை. போனான். சாமியார் கடிதத்தை வாசித்தார்.

சூசைமேரி சொன்ன தடை தள்ளுபடி செய்யப்படுகிறது, ஏனென்றால் விசாரணையில் சந்தனசாமிக்கு மனைவி எவரும் இல்லை என்று தெளிவாகிறது. மூன்றாம் ஓலை வாசிக்கலாம். இரண்டாவதாக, வியாகுலமேரி என்பவர் இவ்வருஷம் பாவசங்கீர்த்தனம் செய்யாமலும், நன்மை வாங்காமலும், அவஸ்தைப் பூசுதல் பெறாமலும், மந்திரிக்காத நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டும் இருப்பதால், அவர் தம் சுயவிருப்பத்தின் பேரில் சபையை விட்டு விலகிக்கொண்டவராகக் கருதப்படுகிறார். அவர் பெயரை ஆத்துமப் புத்தகத்திலிருந்து நீக்கவும்.

மைக்கேல்சாமி புத்தகத்தை விரித்து, அளவுகோலை வைத்து, வியாகுலமேரி என்ற பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்கு விண்ணப்பம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கவில்லை.

சந்தனசாமி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மை இன்னும் காயவில்லை.

“எங்காத்தா எப்பங்க வெளிய போச்சு? சாகுற வரைக்கும் உள்ளதான நிண்டுச்சு” என்றான்.

உபதேசியார் அளவுகோலை எடுக்கப் போனார்.

“சரி விடுங்க. அளவுகோல எடுத்துறாதீங்க. அப்படியே ஒரு வரி கீழ எறக்கி, எம் பேருக்கும் சேத்து இழுத்துருங்க.”

உபதேசியார் நிஜமாகவே அளவுகோலைக் கொஞ்சம் கீழே நகர்த்திவிட்டார். பிறகு சாமியாரின் முகத்தைப் பார்த்தார்.

“அது எப்படி முடியும், சந்தனசாமி?” என்றார் சாமியார், நிஜமான வருத்தத்தோடு. “நீ கத்தோலிக்கன் ஆயிற்றே.”